பழைய அம்பாஸிடர் டீசல்: எஞ்சின் பக்க ஒயரிங்கை மட்டும் புதிதாகக் கட்டலாமா?

கரூர்_அம்பி:

வணக்கம். அப்பா வைத்திருந்த 2001 மாடல் அம்பாஸிடர், இசுஸு 2 லிட்டர் டீசல். பாடி, கியர்பாக்ஸ், பம்ப் எல்லாம் நன்றாக இருக்கிறது. தொல்லை ஒயரிங்கில்தான். எக்ஸாஸ்ட் பக்கம் போகிற ஒயர்களைத் தொட்டாலே மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்கிறது. டைனமோவுக்குக் கீழே இருப்பவை ஆயிலில் ஊறிப் பிசுபிசுவென்று ஆகிவிட்டன. நடுவில் யாரோ நாலைந்து இடத்தில் வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள்.

இப்போது செல்ஃப் இழுவை சோர்ந்து போயிருக்கிறது, பேட்டரி புதுசு. ஹெட்லைட் போட்டால் சார்ஜ் லைட் மங்கலாக எரிகிறது. மேடு பள்ளத்தில் சில சமயம் எஞ்சின் சட்டென்று நின்று, சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இங்கே ஓர் எலக்ட்ரீஷியன் வண்டி முழுக்க ஒயரிங் மாற்ற வேண்டும், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். எஞ்சின் பக்கத்தை மட்டும் நானே கட்ட முடியுமா? சால்டரிங் எனக்கு வரும்.

தஞ்சை_டூரிஸ்ட்:

அண்ணா, ரெடிமேட் ஒயரிங் செட் வாங்கி மொத்தமாக மாட்டிவிடுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும். ஒட்டுப் போட்டு ஓட்டினால் ராத்திரி நேரத்தில் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். நான் டாக்ஸி ஓட்டிய காலத்தில் பட்டது போதும்.

திண்டுக்கல்_ஒயர்மேன்:

ரெடிமேட் செட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்பாஸிடரில் பெட்ரோல், பழைய 1.5 டீசல், இசுஸு என்று எஞ்சின் மாறிக்கொண்டே வந்தது. கடையில் "அம்பாஸிடர் டீசல்" என்று கொடுப்பது உங்கள் வண்டிக்கு ஒரு முனையில் ஒரு ஜாண் குறையும், இன்னொரு முனையில் கப்ளர் சேராது. கடைசியில் அதையும் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். டேஷ்போர்டு பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் அங்கே கை வைப்பது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற வேலை.

தம்பி, இது டீசல். காயில் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. எஞ்சினுக்குப் போகிற ஒயரை விரல் விட்டு எண்ணிவிடலாம்: செல்ஃபுக்குத் தடித்த கேபிள், அதன் சொலினாய்டுக்கு (கரன்ட் வந்தால் இழுக்கும் மின்காந்தம்) ஒன்று, டைனமோவிலிருந்து சார்ஜ் ஒயர், சார்ஜ் லைட்டுக்கு ஒன்று, ஸ்டார்ட் ஆவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், டீசல் பம்ப் மேலிருக்கும் கட்-ஆஃப் சொலினாய்டு, ஆயில் பிரஷர் சுவிட்ச், டெம்பரேச்சர், கியர்பாக்ஸில் ரிவர்ஸ் சுவிட்ச். கூடக் குறைய ஒன்றிரண்டு இருக்கலாம். இதை வீட்டுத் திண்ணையிலேயே கட்டிவிடலாம்.

ஆனால் ஒயர் வாங்குவதற்கு முன்னால் மீட்டரை எடுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எர்த் கிடைப்பது ஒரு பின்னல் பட்டை வழியாகத்தான். அது துருப்பிடித்தால் செல்ஃப் கரன்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலேட்டர் கேபிள் மாதிரி எதில் வழி கிடைத்தாலும் அதில் பாயும். செல்ஃப் அடித்தவுடன் ஒரு கேபிள் சுடுகிறது என்றால் நோய் அங்கேதான். மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் வையுங்கள், மற்றதை பேட்டரி மைனஸ் கம்பத்தில், கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே. யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோல் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டு, டைனமோவின் பெரிய போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜ் ஒயர் போய்விட்டது. மங்கலாக எரியும் சார்ஜ் லைட்டுக்குப் பாதி சமயம் இதுதான் காரணம். மீதி சமயம் டைனமோ டயோடு.

நின்று நின்று ஓடுவது அநேகமாகக் கட்-ஆஃப் சொலினாய்டு ஒயர். அதற்கு கரன்ட் இருக்கிற வரைதான் பம்புக்குள் டீசல் போகும். சாவி போட்டதும் பம்பில் "டக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஒயரின் லக் (நுனியில் மாட்டும் உலோக முனை) இருக்கிற கழுத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வெளியே தோல் முழுசாகத் தெரியும், உள்ளே செம்பு இழைகளில் இரண்டு மூன்றுதான் மிச்சம் இருக்கும். தோலைச் சீவினால் இழை பச்சைக் களிம்பாக, கறுத்துப் போய் வரும். அந்தக் களிம்பு லக்கிலிருந்து ஒரு சாண் வரைகூட உள்ளே ஏறியிருக்கும். நுனியை மட்டும் வெட்டிப் புது லக் போட்டால் நிற்காததற்குக் காரணம் அதுதான்.

சந்தேகம் இருந்தால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு தனி ஒயரை நேராகச் சொலினாய்டுக்குக் கொடுத்து அதே பள்ளத்தில் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் பம்ப் மேல் பழி இல்லை. ஒன்று, அப்போது சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. அந்த ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். அதைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கட்டுவது. பழையதைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்காதீர்கள். ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேர் எழுதி, முழுசாக உருவி, ஒரு பிளைவுட் பலகையில் இருந்த வளைவோடு ஆணி அடித்துப் படுக்க வையுங்கள். அதன் மேலேயே புது ஒயரை ஓட்டுங்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குத் தாண்டும் இடத்தில் கொஞ்சம் தொய்வு கூடுதலாக விடுங்கள், செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் ஆடும். நிறத்தையும் மாற்றாதீர்கள். பாடி பக்கம் இன்னும் பழைய இங்கிலாந்துக் கணக்குதான் இருக்கும்: பழுப்பு நேர் பேட்டரி, வெள்ளை சாவி தாண்டி, பச்சை ஃபியூஸ் தாண்டி, கறுப்பு எர்த். அடுத்து வருகிற எலக்ட்ரீஷியன் உங்களைத் திட்டக் கூடாது.

வீட்டு ஒயர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் தோல் 70 டிகிரிக்குச் செய்தது. பானெட்டுக்குள் 105 டிகிரி தாங்கும் ஆட்டோ ஒயர்தான். ஹீட்டர் பிளக் நாலும் சேர்ந்து ஆரம்பத்தில் 40 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும், அதற்கு 10 ஸ்கொயர் எம்.எம். போடுங்கள். சார்ஜ் ஒயருக்கும் அதுவே இருக்கட்டும். சுவிட்சுகளுக்கு 1 போதும்.

சால்டரிங் வரும் என்றீர்கள். எஞ்சின் மேல் வேண்டாம். ஈயம் ஏறிய இடம் விறைத்துக்கொள்ளும், அது முடிகிற விளிம்பில் அதிர்வுக்கு இழை ஒவ்வொன்றாக அறுந்துபோகும். லக்கை ஒயரோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் நல்ல கிரிம்பிங் டூல் வாங்குங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவதற்குப் பேர் கிரிம்பிங் இல்லை! செல்ஃப் கேபிளுக்கு லக்கை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தித் தரச் சொல்லுங்கள், பேட்டரி கடைகளில் செய்வார்கள். மேலே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்). சாதா பிளாஸ்டிக் டேப் சூட்டில் இளகிக் கையெல்லாம் ஒட்டும், துணி டேப் சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் பக்கத்தில் கண்ணாடி இழை ஸ்லீவ்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஆயில். இசுஸுவில் டைனமோவின் முதுகில் வேக்குவம் பம்ப் இருக்கும், அதற்கு எஞ்சின் ஆயில் போகிறது. அதன் சீலோ ஹோஸோ கசிகிறது. அதை நிறுத்தாமல் தங்கக் கம்பி போட்டாலும் ஊறிப்போகும்.

தஞ்சை_டூரிஸ்ட்:

ஒயர்மேன் அண்ணன் சொன்ன பிறகு நான் பேசக் கூடாது. இருந்தாலும் ராத்திரி வண்டி ஓட்டுகிறவனுக்கு ரெடிமேட்தான் நிம்மதி, அவ்வளவுதான்.

கரூர்_அம்பி:

மிக்க நன்றி அண்ணா. எர்த் அளந்தேன். செல்ஃப் அடிக்கும்போது 1.1 வோல்ட். பட்டை ஒரு பக்கம் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தது. சுரண்டிப் புதுப் பட்டை போட்டதும் 0.15. செல்ஃப் இப்போது பழையபடி சுற்றுகிறது. சார்ஜ் ஒயரில் 0.8 காட்டுகிறது, அதையும் கட்-ஆஃப் ஒயரையும் சேர்த்து இந்த ஞாயிற்றுக்கிழமை பலகையில் கட்டப் போகிறேன். ஹோஸில்தான் கசிவு, மாற்றியாகிவிட்டது.

இரண்டு சந்தேகம். டெம்பரேச்சர் முள் சில சமயம் ஒரேயடியாகச் சூட்டுக்கு ஏறி இறங்குகிறது, ரேடியேட்டர் தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது. கட்-ஆஃப் சொலினாய்டுக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?

திண்டுக்கல்_ஒயர்மேன்:

முள் அப்படிக் குதித்தால் அந்த ஒயர் எங்கேயோ தோல் உரிந்து இரும்பில் படுகிறது. எர்த் ஆனால் மீட்டர் முழுச் சூடு காட்டும். எக்ஸாஸ்ட் பக்கம் பொடியாகிறது என்றீர்களே, அந்தக் கட்டில்தான் இருக்கும். புதிதாகக் கட்டும்போது சரியாகிவிடும். அதுவரை முள்ளை நம்பாமல் தண்ணீரை நேரில் பார்த்து ஓட்டுங்கள்.

சொலினாய்டு ஒரு ஆம்பியர் சுமாருக்குத்தான் இழுக்கும், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். சார்ஜ் ஒயரில் ஃபியூஸிபிள் லிங்க் (ஃபியூஸ் போல உருகும் ஒயர்த் துண்டு) இருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள், வெறும் ஒயரால் இணைத்துவிடாதீர்கள். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஒயர் போகிற ஓட்டையின் ரப்பர் வளையம், குரோமெட், காய்ந்து போயிருக்கும், அதையும் கையோடு வாங்கி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள்.