மூன்று பார்த்தசாரதிகள்: வாசகர் அனுபவங்கள்

எங்கள் வாசகர் குழுவில் இந்தத் தடவை ஒரே பெயர்கொண்ட எழுத்தாளர்களைப் படிப்போம் என்று பேச்சு வந்ததும் எனக்கு உடனே தோன்றிய பெயர் பார்த்தசாரதி. நா. பார்த்தசாரதி, இந்திரா பார்த்தசாரதி, ஆங்கிலத்தில் கவிதை எழுதிய ஆர். பார்த்தசாரதி. மூவரும் 1930-க்கும் 1934-க்கும் இடையில் பிறந்தவர்கள். இ.பா.வுக்கும் இயற்பெயர் ஆர். பார்த்தசாரதிதான். மனைவி இந்திராவின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார்.

'குறிஞ்சி மலர்' எங்கள் பாட்டியிடம் பைண்டு புத்தகமாக இருந்தது. கல்கியில் 'மணிவண்ணன்' என்ற பெயரில் நா.பா. எழுதியபோது வாராவாரம் கிழித்துச் சேர்த்து வைத்தது. ஓரம் வெட்டும்போது சில பக்கங்களில் கடைசி எழுத்துகளும் சேர்ந்து போய்விட்டன. பூரணி பேசும் இடங்களில் பாட்டி பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். தமிழ்ப் பேராசிரியரான அப்பா இறந்த பிறகு தம்பி தங்கைகளைக் கரையேற்ற வேண்டிய பெண் பூரணி. திருப்பரங்குன்றத்துக்காரி. கையில் காசில்லாதபோதும் யாரிடமும் தலைகுனிய மாட்டாள். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு நாயகி பூரணி, நாயகன் அரவிந்தன் பெயர்களை வைத்தவர்கள் நிறையப் பேர். பின்னால் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின்.

நாவலில் பிரசங்கம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்திக்குப் பத்தி ஆசிரியர் குறுக்கே வந்து பேசுகிறார். ஆனாலும் வறுமைக்கு நடுவில் ஒரு பெண் படித்தவளாக, நிமிர்ந்தவளாக இருக்கலாம் என்று அவர் நம்பி எழுதியதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. பாட்டி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அந்தக் கோடுகளைப் பார்த்தபோது, இந்த எழுத்து யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது எனக்கு விளங்கியது.

அதை முடித்த கையோடு இ.பா.வின் 'குருதிப்புனல்' எடுத்தேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த கொடுமையின் பின்னணியில் எழுதப்பட்ட நாவல். இங்கே யாரும் பிரசங்கம் செய்யவில்லை. டில்லியிலிருந்து வந்த படித்தவர்கள் டீக்கடையிலும் திண்ணையிலும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நெருப்பு மட்டும் நெருங்கிக்கொண்டே வருகிறது. பண்ணையார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாகக் காட்டியது அன்றைக்கே சர்ச்சையானது. எனக்கும் அது உறுத்துகிறது. நிலத்துக்கும் கூலிக்கும் சாதிக்கும் உரிய கணக்கு தனி மனிதனின் மனக்கோணலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இதை யாராவது மறுத்துச் சொன்னால் கேட்கத் தயார்.

*

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நாயுடுவின் குறையை நான் காரணமாகப் படிக்கவில்லை. ஊரே பயப்படும் ஆளுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதாகத்தான் எடுத்துக்கொண்டேன். சரி, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நான் படித்தது நா.பா.வின் 'சமுதாய வீதி'. 1971-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 'குருதிப்புனல்' அதே விருதை 1977-இல் பெற்றது. இரண்டிலும் ஒரு கோபால் வருகிறான்! நா.பா.வின் கோபால், நாடகக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்குப் போய்ப் பெரிய நடிகனானவன். பழைய நண்பன் முத்துக்குமரன் பட்டணத்துக்கு வந்து அவன் பங்களா வாசலில் நிற்கும்போது, அந்த நட்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. இ.பா.வின் கோபால், டில்லி வேலையை உதறிவிட்டுக் கிராமத்துக்கு வந்தவன். மேலே போனவனும் கீழே இறங்கி வந்தவனும். இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான்.

எங்கள் ஊர்க்காரர் என்ற பாசத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். இ.பா.வுக்குப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் தி. ஜானகிராமன்.

*

மூன்றாமவரை யாரும் தொடவில்லையே? ஆர். பார்த்தசாரதி திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறையில் பிறந்தவர். 1977-இல் வந்த 'ரஃப் பாஸேஜ்' ஒரே நீள்கவிதை. ஆங்கில மோகத்தோடு இங்கிலாந்து போய் ஏமாந்தது, நடுவில் ஒரு காதல், கடைசியில் தமிழுக்குத் திரும்புவது என மூன்று பகுதிகள். திரும்புவது சுலபமாக இல்லை. சொந்த மொழியிலேயே விருந்தாளி போலத் தயங்குகிறார். அப்புறம் 1993-இல் அவருடைய சிலப்பதிகார ஆங்கில மொழிபெயர்ப்பு கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. வழக்குரை காதையை நான் மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். கண்ணகி சிலம்பை உடைக்கும் இடத்தில் இரண்டிலுமே தொண்டை அடைத்தது.

புத்தகம் என்னிடம் இருக்கிறது. கேட்பவருக்குத் தருகிறேன், ஆனால் திருப்பித் தர வேண்டும்.

*

முதலில் எனக்கு. இ.பா.வின் 'நந்தன் கதை' நாடகத்தை முடித்ததும் வாங்க வருகிறேன்.