சாஃப்ட்னர் ஓடியும் வெள்ளைப் படிவு: காரணம் ரெசினா, பைபாஸ் வால்வா?

கேள்வி (கொட்டாரம்):
எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 420 மில்லிகிராம் என்று சோதனையில் வந்ததால், மூன்று ஆண்டுகளுக்கு முன் வாட்டர் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) வைத்தோம். மாடித் தொட்டித் தண்ணீர் பிரஷர் பம்ப் வழியாகச் சாஃப்ட்னருக்குள் போய், அதன் பிறகே வீட்டுக் குழாய்களுக்கு வருகிறது. உள்ளே போகும் குழாயில் ஒன்று, வெளியே வரும் குழாயில் ஒன்று, இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாயில் ஒன்று என மூன்று வால்வுகள் உள்ளன. சென்ற மாதம் முற்றத்தில் தளம் போடுவதற்கு நிறையத் தண்ணீர் தேவைப்பட்டதால், என் கணவர் குறுக்குக் குழாயின் நடு வால்வைத் திறந்து, தண்ணீரைச் சாஃப்ட்னருக்குள் போகாமல் பைபாஸில் விட்டார். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட்டதாகச் சொல்கிறார். ஆனால் அன்றிலிருந்து சமையலறைக் கறுப்புக் கிரானைட்டில் குழாயடியில் வெள்ளை வளையம் விழுகிறது. பழுது பார்க்க வந்தவர், ரெசின் (சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடிக்கும் சிறு மணிகள்) போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். சாஃப்ட்னரின் உப்புத் தொட்டியில் உப்பு மட்டும் வழக்கம்போல் குறைகிறது. ரெசினை மாற்றத்தான் வேண்டுமா? தென்னங்கன்றுகளுக்கு இந்தத் தண்ணீரை விடலாமா?

பதில் 1 (நாகர்கோவில்):
அக்கா, அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். நேற்றுவரை நன்றாக இருந்த ரெசின், பைபாஸைத் தொட்ட நாளிலேயே கெட்டுப்போவது அபூர்வம். உப்பு குறைவதைப் பார்த்தால், உப்பு நீரால் ரெசினைப் புதுப்பிக்கும் ரீஜெனரேஷனும் நடக்கிறது என்றே தோன்றுகிறது. நடு வால்வு முழுதாக மூடவில்லை என்பதே என் சந்தேகம். ரெசின் படுகைக்குள் நுழைந்து வருவதைவிடக் குறுக்குக் குழாயில் ஓடுவது தண்ணீருக்கு எளிது என்பதால், வால்வில் சிறு இடைவெளி இருந்தாலும் நாம் நினைப்பதைவிட அதிகமான கடின நீர் அவ்வழியே கலந்துவிடும். கால் பங்கு கலந்தாலே உங்கள் சமையலறைக் குழாயில் கடினத்தன்மை 100க்கு மேல் காட்டும்.

சோதிப்பது எளிது. பம்ப் அணைந்திருக்கும்போது மூன்று வால்வுகளையும் மூடிவிட்டுப் பம்பைப் போடுங்கள். பிறகு சமையலறைக் குழாயைத் திறந்து, குழாயில் தங்கிய தண்ணீர் வடியும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் வந்தால் அது நடு வால்வு வழியாகவே வருகிறது. பார்த்து முடித்ததும் பம்பை உடனே நிறுத்திவிடுங்கள். வழி முழுதும் அடைபட்டிருக்கையில் அது நெடுநேரம் ஓடக்கூடாது. பால் வால்வு (உள்ளே உருண்டை சுழன்று மூடும் வகை) என்றால் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே சரியாக நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒரு விரற்கடை சாய்ந்திருந்தாலும் கசியலாம். பழைய கேட் வால்வு (தகடு இறங்கி மூடும் வகை) என்றால், தகடு உட்காரும் இடத்தில் படிவு சேர்ந்து முழுதாக மூடாமல் போயிருக்கலாம்.

பதில் 2 (புத்தளம்):
தென்னங்கன்றுகளுக்கு வேண்டாம். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. 420 மில்லிகிராம் கடினத்தன்மை முழுதும் நீங்கினால் லிட்டருக்கு ஏறத்தாழ 193 மில்லிகிராம் சோடியம் சேரும். அது தொடர்ந்து விழுந்தால் மண் இறுகும். இதற்காகத் தினமும் பைபாஸைத் திருப்பிக்கொண்டிருப்பதைவிட, சாஃப்ட்னருக்கு முன்னாலேயே ஒரு டீ (மூவழிக் குழாய் இணைப்பு) போட்டுத் தோட்டத்துக்குத் தனிக் குழாய் எடுப்பதே நல்லது. எங்கள் ஊரைப் போலத் தண்ணீரே உவராக இருந்தால் சாஃப்ட்னரால் அது மாறாது. அது கடினத்தைத்தான் போக்கும், உவரைப் போக்காது. இன்னொன்று: உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது என்று கல்லுப்பை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள், அதிலுள்ள மண் உப்பு நீர் இழுக்கும் குழாயை அடைத்துவிடும். எங்கள் வீட்டில் பட்ட பாடு அது.

கேள்வி கேட்டவர்:
மூன்றையும் மூடிப் பார்த்தேன். குழாயில் தங்கியது வடிந்த பின்னும் நூல்போல ஒரு தாரை நிற்காமல் வந்தது. பிளம்பர் நடு வால்வைக் கழற்றிக் காட்டினார். உள்ளே உருண்டை உட்காரும் வெள்ளை வளையத்தில் கடுகளவு மணல் புதைந்து, அதைச் சுற்றிக் கீறல் விழுந்திருந்தது. புதியது மாட்டிய பின் சோதனைத் துளிகளைப் போட்டுப் பார்த்ததில் கடினத்தன்மை 20க்குக் கீழே காட்டுகிறது. இனிமேல் பைபாஸுக்கு மாற்றும்போது எந்த வால்வை முதலில் தொட வேண்டும்?

பதில் 1:
நடு வால்வை முதலில் திறந்து, அதன் பிறகே மற்ற இரண்டையும் மூடுங்கள். அப்போதுதான் பம்புக்கு வழி அடைபடாது. திரும்பும்போது உள் வால்வை மெதுவாகத் திறந்து, காற்று வெளியேற நேரம் கொடுத்து, வெளி வால்வைத் திறந்து, கடைசியில் நடு வால்வை மூட வேண்டும். ஊருக்குப் போய்ப் பல நாள் பைபாஸில் இருந்தால், ரெசினில் தேங்கிய தண்ணீரைப் பயன்படுத்தாமல் ஒருமுறை ரீஜெனரேஷன் ஓட்டிவிட்டுத் திறந்துகொள்ளுங்கள்.