யிட்டர்பியம் குளோரைடில் 0.6 கெல்வினில் தோன்றும் சிறு கூர்முனை எதைக் காட்டுகிறது?

கேள்வி

வணக்கம். தேன்கூட்டு அமைப்புள்ள அருமண் காந்தங்களைப் பற்றிக் கருத்தரங்கு ஒன்றுக்காகப் படித்து வருகிறேன். யிட்டர்பியம் டிரைகுளோரைடின் வெப்ப ஏற்புத்திறன் வரைபடத்தில் 1.2 கெல்வின் அருகே அகன்ற மேடு ஒன்றும், 0.6 கெல்வினில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடிய சிறிய கூர்முனை ஒன்றும் உள்ளன. காந்த என்ட்ரோபியில் (அயனிகளின் காந்தத் திசைகளிலுள்ள ஒழுங்கின்மையின் அளவில்) பெரும்பகுதி கூர்முனைக்கு மேற்பட்ட வெப்பநிலையிலேயே வெளியேறிவிடுகிறது. அப்படியானால் உண்மையான நிலைமாற்றம் எது? இயற்பியலாளர் கிடாயேவ் 2006இல் தேன்கூட்டு அணிக்கோவைக்கு (அயனிகள் அறுகோணங்களாக அடுக்கப்பட்ட அமைப்புக்கு) துல்லியமாகத் தீர்வு கண்ட மாதிரியில் வரும் ஸ்பின் திரவத்தின், அதாவது எவ்வளவு குளிர்வித்தாலும் ஸ்பின்கள் (அயனிகளின் நுண்காந்தங்கள்) ஒழுங்குறாத நிலையின், அடையாளமாக அந்த மேட்டைக் கொள்ளலாமா?

பதில் 1

நிலைமாற்றம் அந்தச் சிறு கூர்முனைதான். மூவிணைதிற யிட்டர்பியத்தின் 4எஃப் கூட்டில் 13 எலக்ட்ரான்கள் உள்ளன. அதன் எட்டு அடிநிலைகளைப் படிகப் புலம் (சுற்றியுள்ள அயனிகளின் மின்புலம்) நான்கு இரட்டைகளாகப் பிரிக்கிறது. அடுத்த இரட்டை சுமார் 21 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறத்தாழ 240 கெல்வின் உயரத்தில் இருப்பதால், சில கெல்வினில் ஒவ்வோர் அயனியும் அரை ஸ்பின் போலவே நடந்துகொள்கிறது.

இந்த ஸ்பின்களுக்கிடையிலான இடைவினை ஓர் அடுக்குக்குள் வலுவாகவும் அடுக்குகளுக்கிடையே மிக மெலிதாகவும் உள்ளது. திசைச் சார்பற்ற இடைவினை கொண்ட இருபரிமாண அடுக்கு, சுழிக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் தனித்து நெடுந்தூர ஒழுங்கை அடைய முடியாது என்பது 1966இல் மெர்மினும் வாக்னரும் நிறுவிய முடிவு. ஆகவே 1.2 கெல்வின் அருகே அண்டை ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்கத் தொடங்கினாலும் அந்த இசைவு குறுகிய தூரத்துக்கே நீள்கிறது. என்ட்ரோபியின் பெரும்பங்கு அங்கேயே செலவாகிறது. இசைந்த பகுதிகள் போதுமான அளவு வளர்ந்த பிறகு, மெலிந்த அடுக்கிடைப் பிணைப்பே அவற்றை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. அப்போது இழக்க மிச்சமிருப்பது சொற்ப என்ட்ரோபி என்பதால் கூர்முனையும் சிறிதாகவே இருக்கும். அதற்குக் கீழே நீல் வகை ஒழுங்கு (அண்டை ஸ்பின்கள் படிகம் முழுவதும் மாறிமாறி எதிர்த்திசையில் நிற்கும் ஒழுங்கு) நிலவுவதை நியூட்ரான் விளிம்புவிளைவு காட்டியுள்ளது.

பதில் 2

மேட்டை மட்டும் வைத்து ஸ்பின் திரவம் என்று சொல்ல முடியாது. இதில் பலர் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. தேன்கூட்டு அணிக்கோவையை இரண்டு உட்கோவைகளாகப் பிரித்துவிடலாம் என்பதால், அண்டை இடைவினை மட்டும் இருந்தால் அங்கு முரண்பாடே (எல்லா இடைவினைகளையும் ஒரே நேரத்தில் நிறைவு செய்ய முடியாத நிலையே) எழாது. முரண்பாட்டைக் கொண்டுவருவது பிணைப்பின் திசைக்கேற்ப மாறும் கிடாயேவ் இடைவினை, அல்லது இரண்டாம் அண்டை இடைவினை. முதலாவது இங்கு மேலோங்கவில்லை. விளிம்பைப் பகிரும் எண்முகிகளில் யிட்டர்பியத்தின் பரிமாற்றம் பெரும்பாலும் திசைச் சார்பற்ற ஹைசன்பர்க் வகையாகவே அமையும் என்று ராவ், ஜிங்ராஸ் ஆகியோர் 2018இல் கணித்துக் காட்டினர். 2021இல் வெளியான மீட்சியற்ற நியூட்ரான் சிதறல் அளவீடும் அதனுடன் ஒத்துப்போகிறது.

யிட்டர்பியம் டிரைபுரோமைடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே தேன்கூடுதான், ஆனால் 0.1 கெல்வின் வரை குளிர்வித்தும் அதில் நெடுந்தூர ஒழுங்கு தென்படவில்லை. உங்கள் கருத்தரங்கில் இந்த ஒப்பீட்டுக்கே அதிக நேரம் ஒதுக்கலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. என்ட்ரோபியைக் கணக்கிடும்போது அணிக்கோவை அதிர்வுகளின் பங்கை எவ்வாறு நீக்குவது?

பதில் 1

4எஃப் கூடு நிரம்பியதால் காந்தத்தன்மையற்றதாக உள்ள லுட்டீசியம் டிரைகுளோரைடு அதே படிக அமைப்புடையது. அதன் வெப்ப ஏற்புத்திறனை அளந்து கழிக்கலாம். மீதியை வெப்பநிலையால் வகுத்துத் தொகையிட்டால், மோலுக்கு 5.76 ஜூல்/கெல்வின் என்ற அரை ஸ்பின்னுக்குரிய மதிப்பை நெருங்க வேண்டும். ஆனால் இந்தக் குளோரைடுகள் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சக்கூடியவை. படிகத்தை மந்தவாயுப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடி எடுத்துச் செல்லாவிட்டால், நீரேறிய பகுதியின் காந்தப் பங்களிப்பும் உங்கள் தரவில் கலந்துவிடும்.