பட்டமளிப்பு மேடையில் மூன்று பெண்கள்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த ஆலோசனை

[சனி, காலை]

மலர்: எல்லாருக்கும் வணக்கம். எங்க பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுல இந்த முறை மூணு பெண்களுக்கு மரியாதை செய்யறோம். ரெண்டு பேருக்கு கௌரவ டாக்டர் பட்டம். ஒருத்தர் வேதியியல் விஞ்ஞானி, இன்னொருத்தர் மொழிபெயர்ப்பாளர். மூணாவது, மறைந்த முன்னாள் மாணவி ஒருத்தருக்குப் பதக்கம், மகள் வந்து வாங்கிக்கறாங்க. ஏற்பாட்டுக் குழுவுல நானும் இருக்கேன். விழாவுக்கு இன்னும் பத்து வாரம். எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

பெரியம்மா: சிண்டிகேட், அதான் பல்கலைக்கழகத்தோட ஆட்சிக் குழு, அதோட தீர்மானம் கையில இருக்கா? பதக்கத்தை ஒரு குழுவே முடிவு பண்ணிடலாம். கௌரவப் பட்டம் அப்படி இல்ல. அதிகாரம் உள்ள அவை தீர்மானம் போட்டு, வேந்தர் ஒப்புதல் தேவைன்னா அதுவும் வந்தாத்தான் அது பட்டம்.

மலர்: ரெண்டும் வந்தாச்சு பெரியம்மா. விஞ்ஞானிக்கு டி.எஸ்சி. (அறிவியல் டாக்டர்), மொழிபெயர்ப்பாளருக்கு டி.லிட். (இலக்கிய டாக்டர்). சம்மதக் கடிதமும் வாங்கியாச்சு.

பெரியம்மா: அப்ப தகவல் படிவத்தை இந்த வாரமே அனுப்பிடு. பேர் எப்படி வரணும்னு அவங்க கைப்பட எழுதி வாங்கு. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேர்ல ஆய்வுக் கட்டுரை, அப்புறம் மாறின பேர்ல அடையாள அட்டைன்னு பல பெண்களுக்கு ரெண்டு பேர் ஓடிக்கிட்டு இருக்கும். அலுவலகத்துல யாராவது இணையத்துல தேடி ஒண்ணை எடுத்துப் போட்டுடுவாங்க. சான்றிதழ், பாராட்டுரை, பதிவேடு, திரையில வர்ற எழுத்து, நாற்காலியில ஒட்டற சீட்டு, பத்திரிகைக் குறிப்பு, இந்த ஆறுக்கும் பேர் அந்தப் படிவத்துல இருந்து மட்டும்தான் போகணும். வேற எங்கேயிருந்து எடுத்தாலும் ஒரு இடத்துல பிசகும்.

பெரியம்மா: படிவத்துல இன்னும் கேட்க வேண்டியது: உயரம், தோள் அகலம், தலைச் சுற்றளவு, படி ஏற முடியுமா, கூட வர்றவங்க எத்தனை பேர், காதுக் கருவி உண்டா, படம் எடுத்து வெளியிடச் சம்மதமா. பேரை அவங்களே சொல்லி ஒரு குரல் பதிவும் அனுப்பச் சொல்லு. பேரை வாசிக்கப் போறவர் எழுத்தைப் பார்த்து யூகிக்கக் கூடாது, அந்தக் குரலைக் கேட்டுப் பழகணும்.

தேவி அக்கா: பாராட்டுரை யார் எழுதறாங்க மலர்? வரைவு இருந்தா இங்க போடு.

மலர்: துறையில இருந்து வந்தது அக்கா. முதல் பத்தி இது: "பெண் குலத்தின் பெருமையாகவும் எளிமையின் உருவமாகவும் திகழும் இவர் கடின உழைப்பாளி. குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும் அயராது அறிவியல் பணியாற்றி, துறையின் முதல் பெண் தலைவராக உயர்ந்தவர்."

தேவி அக்கா: இதுல அவங்க என்ன பண்ணாங்கன்னு ஒரு வார்த்தை இருக்கா பாரு. இதையே எந்தப் பெண்ணுக்கு வாசிச்சாலும் பொருந்தும். பொருந்தினா அது பாராட்டுரை இல்ல. அவங்க செஞ்ச வேலை என்ன?

மலர்: கிணத்துத் தண்ணியில ஆர்சனிக்ங்கற நச்சு இருக்கான்னு கிணத்தடியிலயே பார்க்கிற சோதனைப் பெட்டி.

தேவி அக்கா: அதுதான் முதல் வாக்கியம். "கிணற்று நீரில் ஆர்சனிக் கலந்திருப்பதை, ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லாமல் கிணற்றடியிலேயே கண்டறியும் சோதனைப் பெட்டியை உருவாக்கியவர் இவர்." அடுத்த வாக்கியத்துல அது எவ்வளவு நுட்பமானதுன்னு ஒரு அளவு வரணும். குடிநீர்ல ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல போகக் கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டு அளவு. அந்த அளவு வரைக்கும் பெட்டி காட்டுமான்னு அவங்ககிட்டயே கேட்டு எழுது. மூணாவதா, அதுக்கு முன்னாடி என்ன கஷ்டம் இருந்தது, இப்ப என்ன மாறியிருக்குன்னு சொல்லு. தலைவர் பதவி, விருது எல்லாம் அதுக்கு அப்புறம் ரெண்டு வரியில போதும்.

தேவி அக்கா: "கடின உழைப்பாளி", "அர்ப்பணிப்பு" மாதிரி சொற்கள் பெண்களைப் பத்தி எழுதும்போது தானா வந்து விழும். 2003ல வந்த ஒரு ஆய்வு, அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒண்ணுல ஆசிரியர் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படிச்சுப் பார்த்தது. பெண்களுக்கு எழுதின கடிதம் சராசரியா சின்னதா இருந்தது. உழைப்பைச் சொல்ற சொல் அதிகம், ஆராய்ச்சியைச் சொல்ற சொல் குறைவு. எழுதினவங்க யாரும் வேணும்னு செஞ்சது இல்ல. அதனாலதான் எழுதி முடிச்சதும் ஒரு தடவை தனியா உட்கார்ந்து தேடணும்.

மாமா: தேடறதுக்கு ஏதாவது பட்டியல் உண்டா தேவி?

தேவி அக்கா: உண்டு மாமா. ஆன் ஃபிங்க்பைனர்னு ஒரு அறிவியல் எழுத்தாளர். பெண் விஞ்ஞானியைப் பத்தி எழுதும்போது அவர் பெண்ங்கறதையே பேசமாட்டேன்னு சொல்லி எழுதினாங்க. அதை வெச்சு 2013ல கிறிஸ்டி ஆஷ்வாண்டன்ங்கற இன்னொரு அறிவியல் எழுத்தாளர் ஒரு சோதனை உண்டாக்கினாங்க. அவர் ஒரு பெண்ங்கறது, கணவரோட வேலை, குழந்தையை யார் பார்த்துக்கிட்டாங்கங்கறது, கீழ வேலை செய்யறவங்களை எப்படி அரவணைச்சாங்கங்கறது, துறையில இருந்த போட்டியைப் பார்த்து எப்படித் திகைச்சாங்கங்கறது, மத்த பெண்களுக்கு முன்மாதிரிங்கறது, "முதல் பெண்"ங்கறது. இந்த ஏழுல எது வந்தாலும் சோதனையில தோல்வி.

தேவி அக்கா: அதே 2013ல விண்வெளிப் பொறியாளர் இவோன் பிரில் மறைஞ்சப்ப, நியூயார்க் டைம்ஸ் அஞ்சலிக் குறிப்பு அவங்க சமையலைப் புகழ்ந்துதான் ஆரம்பிச்சது. செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில நிலையா வெச்சிருக்கிற உந்துகருவியைக் கண்டுபிடிச்சவங்க அவங்க. எதிர்ப்பு வந்ததும் முதல் வரியை மாத்தினாங்க. மேடையில வாசிச்சுட்டா அப்படி மாத்த முடியாது.

பெரியம்மா: "முதல் பெண்"ங்கறதை முழுசா விலக்கணும்னு நான் சொல்ல மாட்டேன் தேவி. சில நேரம் அதுதான் வரலாறு.

தேவி அக்கா: வரலாறா எழுதினா சரிம்மா. கதவை மூடி வெச்சது யாருன்னும் சேர்த்துச் சொல்லணும். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகம் முதல்ல ஒரு பெண்ணுக்கு கௌரவப் பட்டம் கொடுத்தது 1910ல, சமூக சேவகி ஜேன் ஆடம்ஸுக்கு. ஹார்வர்ட் கொடுத்தது 1955ல, ஹெலன் கெல்லருக்கு. ஹார்வர்ட் ஆரம்பிச்சதோ 1636. அந்த 1955ங்கற வருஷம் ஹார்வர்டைப் பத்தின தகவல், ஹெலன் கெல்லரோட சாதனை இல்ல. மலரோட வரைவுல "முதல் பெண் தலைவர்"னு வர்றதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளி, "துறை தொடங்கி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு"ன்னு வருஷத்தோட எழுதலாம்.

மலர்: நீளம் எவ்வளவு இருக்கணும் அக்கா?

தேவி அக்கா: மேடை வேகத்துல தமிழை நிமிஷத்துக்குச் சுமார் 90 சொல்தான் நல்லா வாசிக்க முடியும். மூணு நிமிஷம்னா 270 சொல். 400 சொல் போனா வாசிக்கறவர் கடைசியில அவசர அவசரமா வாசிப்பார், பட்டம் வாங்கறவங்க அங்க நின்னுக்கிட்டே இருக்கணும். எழுதினதும் ரெண்டு வாரம் முன்னாடியே அவங்களுக்கு அனுப்பி, தேதி, கூட்டாளிகள் பேர், நிறுவனத்தோட பேர் சரியான்னு கேளு. ஆச்சரியமா இருக்கட்டும்னு மறைச்சு வெக்காதே. தப்பான தகவலை நூத்துக்கணக்கான பேர் முன்னாடி சிரிச்ச முகத்தோட கேட்டுக்கிட்டு நிக்க வேண்டியது அவங்கதான்.

[சனி, மதியம்]

அத்தை: இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். ஹூட், அதான் அங்கிக்கு மேல கழுத்தைச் சுத்திப் போட்டு முதுகுல தொங்கவிடற பட்டத் துணி, அதை யாரு தைக்கறா மலரு?

மலர்: பழைய கையிருப்புல இருந்து எடுக்கறோம் அத்தை. ஏன்?

அத்தை: ஹூட்டோட முன்பக்கம் கழுத்துக்குக் கீழ ஒரு சின்ன வளையம் இருக்கும். அது சட்டைப் பொத்தான்ல மாட்டறதுக்கு. பொத்தான் வெச்ச சட்டை போடாதவங்களுக்கு அது எதுலயும் மாட்டாது. பின்னாடி தொங்கற துணியோட கனத்துல முழுசும் பின்பக்கமா வழுக்கி, முன் பட்டை தொண்டையை அழுத்தும். மரியாதை வாங்கற நேரத்துல அவங்க ஒரு கையால கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது இதனாலதான். அங்கியோட ரெண்டு தோள்லயும் உள்பக்கம் ஒவ்வொரு அழுத்துப் பொத்தான் தெச்சு, ஹூட்லயும் அதே இடத்துல ஜோடி வெச்சுடு. தைக்க நேரம் இல்லேன்னா ஒவ்வொரு தோளுக்கும் ஒரு ஊக்கு, உள்பக்கமா குத்தணும். முன்னாடி மட்டும் குத்தினா போதாது, இழுப்பு தோள்லதான் வருது.

அத்தை: அங்கியோட கீழ் விளிம்பு தரையில இருந்து 20 முதல் 25 செ.மீ. மேல நிக்கணும். அதுக்குக் கீழ வந்தா படி ஏறும்போது முன்விளிம்பு கால்ல மிதிபடும். அன்னிக்குப் போடப்போற செருப்போட நிக்க வெச்சு அளக்கணும். தொப்பிக்கு நெத்தியில புருவத்துக்கு மேல, காதுக்கு மேலா நாடாவைச் சுத்தி எடு. கொண்டை போடறவங்கன்னா தொப்பி தூக்கிக்கும், தலைமுடியில குத்தற ஊசி நாலு தனியா வெச்சுக்கோ. தலையை மூடற துணி கட்டறவங்களுக்கு அதைக் கட்டின பிறகுதான் அளவு.

மாமா: மைக்கையும் இதோட சொல்லிடறேன். சட்டையில குத்தற மைக் வேணாம். அங்கித் துணி உரசற சத்தம் வரும். அதோட பெட்டியை மாட்ட இடுப்புப் பட்டையோ பையோ பெண்கள் உடையில பெரும்பாலும் இருக்காது. போடியத்துல, அதான் பேசறவர் முன்னாடி இருக்கிற உயர மேசையில, வளையற தண்டு மைக்கே நல்லது. ஆனா போடியங்கள்லாம் உயரமானவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். உயரம் மாத்தற போடியம் கிடைக்கலேன்னா 15 செ.மீ. உயரத்துல அகலமான மரப்பலகைப் படி ஒண்ணு பின்னாடி போடுங்க, வழுக்காத பாய் ஒட்டி. அவங்க நடந்து வர்றதுக்குள்ள படி அங்க இருக்கணும். பேச வந்த பிறகு ஒருத்தர் ஓடிவந்து போட்டா மொத்த அரங்கமும் அதைத்தான் பார்க்கும்.

மலர்: மொழிபெயர்ப்பாளருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாதுன்னு கடிதத்துலயே எழுதியிருக்காங்க மாமா.

மாமா: அப்ப சரிவுப் பாதைதான். 1க்கு 12 சரிவு. மேடை 60 செ.மீ. உயரம்னா பாதை 7.2 மீட்டர் நீளம் வேணும். அரங்கத்துல அந்த இடம் இருக்கான்னு இன்னிக்கே அளந்துடு. இடம் இல்லேன்னு குறுக்கினா சக்கர நாற்காலியைத் தள்ளறது ரொம்பக் கஷ்டம். இன்னொண்ணு, அவங்களை மட்டும் பின்வழியா கொண்டுவந்து உட்கார வெக்காதீங்க. ஊர்வலம் முழுசுமே அந்தச் சரிவு வழியா ஏறட்டும், யாரும் தனியாத் தெரிய மாட்டாங்க.

பெரியம்மா: இது ரொம்ப நல்ல யோசனை. பாராட்டுரை வாசிக்கும்போது அவங்களுக்குக் கைப்பிடி வெச்ச நாற்காலி போடுங்க. இன்னொருத்தருக்கும் அதே மாதிரி நாற்காலி. ஒருத்தர் நின்னு ஒருத்தர் உட்கார்ந்தா நல்லா இருக்காது.

[சனி, இரவு]

மலர்: ஹூட் போடற கட்டம்தான் எனக்குப் புரியல. வேந்தர் எங்க நிக்கணும்?

மாமா: வேந்தர் அவங்களுக்குப் பின்னாடி, ஒரு ஓரமா. முன்னாடி நின்னு போட்டா கேமராவுல அவரோட முதுகுதான் விழும். பட்டம் வாங்கறவர் முகம் அரங்கத்தைப் பார்க்கணும். அதே உயரம் உள்ள மாணவி ஒருத்தரை வெச்சு முந்தின நாள் மூணு தடவை ஒத்திகை பாருங்க. கண்ணாடி, காதணியில ஹூட் சிக்குதான்னு அப்பவே தெரிஞ்சுடும்.

பெரியம்மா: வரிசை இப்படி: பேர், பாராட்டுரை, வேந்தர் பிரகடனம், ஹூட், சான்றிதழ், பதிவேட்டுல கையெழுத்து, படம். பிரகடனத்துக்கு முன்னாடி ஹூட் போட்டுடாதீங்க, பட்டமே அப்பத்தான் வருது. ஒருத்தருக்கு ஆறு நிமிஷம் வை. மாணவர்களுக்குப் பட்டம் கொடுக்கறதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடு. ஒரு மாணவருக்கு 9 விநாடின்னு வெச்சாலும் 400 பேருக்கு ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் வாசிக்கற பாராட்டுரையை யார் காது கொடுத்துக் கேப்பாங்க?

மலர்: இந்த வருஷம் ரெண்டு ஆண்களுக்கும் கௌரவப் பட்டம் இருக்கு. "சாதனைப் பெண்கள்"னு தனிப் பகுதி வெக்கலாம்னு குழுவுல சிலர் சொல்றாங்க.

பெரியம்மா: வேணாம். நாலு பட்டத்தையும் அகரவரிசையில ஒண்ணாப் போடு. தனிப் பகுதி வெச்சா, பட்டம் ஒரு பக்கம், பெண்களுக்கான நிகழ்ச்சி ஒரு பக்கம்னு ஆயிடும். ஏற்புரை ஒருத்தர்தான் பேசறாங்கன்னா அது தானா மூத்த ஆணுக்குப் போகாமப் பாரு. பதக்கம் மட்டும் நாலு பட்டத்துக்கும் பிறகு.

தேவி அக்கா: தொகுப்பாளரோட தாள்ல அடைமொழியையும் பாரு மலர். 2017ல வந்த ஒரு ஆய்வுல, மருத்துவக் கருத்தரங்குகள்ல ஆண்கள் ஆண் பேச்சாளரை அறிமுகம் செஞ்சப்ப 72 சதவீதம் தடவை பட்டத்தோட சொல்லியிருக்காங்க. அதே ஆண்கள் பெண் பேச்சாளரை அறிமுகம் செஞ்சப்ப 49 சதவீதம்தான். ஆணுக்கு "பேராசிரியர்"னா பெண்ணுக்கும் "பேராசிரியர்". "அம்மா"ன்னு அன்பாக் கூப்பிடறது காபி நேரத்துல இருக்கட்டும், மேடையில வேணாம்.

மலர்: மறைந்தவங்களுக்கான பதக்கத்தை எப்படிச் செய்யறது?

பெரியம்மா: பல பல்கலைக்கழகங்கள் மறைவுக்குப் பின்னாடி கௌரவப் பட்டம் தர்றதில்ல, நீங்க பதக்கமா வெச்சது சரி. ஆனா மறுக்கப்பட்ட பட்டத்தைத் திருப்பித் தர்றது வேற விஷயம். ஸ்காட்லாந்துல எடின்பரோ பல்கலைக்கழகத்துல 1869ல மருத்துவம் படிக்கச் சேர்ந்த ஏழு பெண்களுக்குப் பட்டம் மறுத்தாங்க. 1873ல நீதிமன்றமும் பல்கலைக்கழகம் பக்கமே தீர்ப்பு சொன்னது. 2019 ஜூலை 6 அன்னிக்கு அதே பல்கலைக்கழகம் அந்த ஏழு பேருக்கும் மருத்துவப் பட்டத்தைக் கௌரவப் பட்டமாக் கொடுத்தது. அங்க படிக்கிற மாணவிகள் அவங்க சார்புல மேடையேறி வாங்கினாங்க. கல்கத்தா பல்கலைக்கழகமும் விடுதலைப் போராட்ட வீராங்கனைகள் பிரீதிலதா வத்தேதாருக்கும் பீணா தாஸுக்கும் ஆங்கிலேயர் காலத்துல நிறுத்தி வெச்ச பட்டத்தை 2012ல கொடுத்தது.

தேவி அக்கா: பாராட்டுரையில அவங்க பேரைத்தான் முதல்ல வாசிக்கணும், "சார்பில் பெற்றுக்கொள்பவர்"னு மகள் பேர் கடைசியில. நோய், மரணம் எல்லாம் வேணாம், வேலையை மட்டும் சொல்லு. வாசிச்சு முடிச்சதும் கைதட்டலாமா மௌனமா நிக்கணுமான்னு அரங்கம் குழம்பும். அதனால துணைவேந்தர் முதல்ல தட்டணும்னு அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வை. மகளுக்கு முன்வரிசை, மேடை ஏறுற நேரத்துல கூட ஒரு மாணவி.

அத்தை: மகளுக்கு அங்கி போடாதே மலரு. பதக்கம் அம்மாவுக்கு. பதக்கத்தைப் பெட்டியில திறந்து கொடுக்கணும், கழுத்துல மாட்டறது இல்ல.

மலர்: எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன். பாராட்டுரையைப் புதுசா எழுதி நாளைக்கு இங்க போடறேன் அக்கா.

தேவி அக்கா: போடு. மொழிபெயர்ப்பாளருக்கு எத்தனை நூல்ங்கற எண்ணிக்கையோட நிறுத்தாதே. எந்த மொழியில இருந்து எந்த மொழிக்கு, மூலத்துல இருந்து நேரடியாவா இல்ல இடைமொழி வழியாவா, அதுக்கு முன்னாடி அந்த நூலுக்கு மொழிபெயர்ப்பு இருந்ததாங்கறது வரணும்.

பெரியம்மா: எல்லாப் பாராட்டுரையும் விழா முடிஞ்ச அன்னிக்கே பல்கலைக்கழக இணையதளத்துலயும் நூலகத்துலயும் போயிடணும். அச்சுப் பிரதியில வாசிச்சவர் கையெழுத்தும் தேதியும் வாங்கி, பதிவேட்டோட சேர்த்துத் தெச்சு வை.