சாரன் டிசைன் கீறும்போது சிவப்புக் கோட்டுக்குள் மஞ்சள் கோடு வருகிறது. கேன்வாஸ் தெரிந்தவர்கள் ஒருக்கா பாருங்கள்

தறிக்காரன் மகன் (மருதமுனை)

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் கைத்தறி. புதுச் சாரன் டிசைன் என்றால் வாப்பா சதுரக் கோட்டுக் கொப்பியில் கலர் பென்சிலால் கீறித்தான் கடைக்காரருக்குக் காட்டுவார். அதைப் போனிலேயே காட்டலாம் என்று பிரவுசரில் ஓடும் ஒரு சின்னப் பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். வெறும் ஜாவாஸ்கிரிப்ட், எச்டிஎம்எல் கேன்வாஸ் (பக்கத்துக்குள் படம் கீறும் பரப்பு). வேறு லைப்ரரி எதுவும் பாவிக்கவில்லை.

டிரோ என்று ஒரு ஃபங்ஷன். அதில் முதலில் ஃபில்ரெக்ட்டால் முழுவதும் மரூன், அதாவது #800000. பிறகு ஸ்ட்ரோக்ஸ்டைல் சிவப்பு, லைன்விட்த் (கோட்டின் தடிப்பு) 6 என்று வைத்து, லூப் ஒன்றில் மூவ்டூ, லைன்டூ போட்டு நெடுக்குக் கோடுகள், கடைசியில் ஸ்ட்ரோக். அடுத்து ஸ்ட்ரோக்ஸ்டைல் மஞ்சள், லைன்விட்த் 2, இன்னொரு லூப், திரும்பவும் ஸ்ட்ரோக். மஞ்சள் கோடுகள் சிவப்புக்கு இடையில்தான் வரவேண்டும். வருகின்றன. ஆனால் ஒவ்வொரு சிவப்புக் கோட்டின் நடுவிலும் ஒரு மஞ்சள் இழை சேர்ந்து ஓடுகிறது! வாப்பா பார்த்துவிட்டு "இது நல்லாத்தானே இருக்கு" என்கிறார். நான் அப்படிக் கீறச் சொல்லவில்லையே.

இடைவெளியை மாற்ற ஒரு ஸ்லைடர் வைத்திருக்கிறேன். அதை அசைத்தால் பழைய இடைவெளியில் இருந்த கோடுகளும் பேய் மாதிரித் திரும்ப வருகின்றன. மேலே மரூன் பூசி அழித்துவிட்டுத்தானே கீறுகிறேன்? போனைப் படுக்கையாகத் திருப்பினால் அந்தப் பழைய கோடுகள் மறைந்துவிடும். ஆனால் டிசைன் முழுவதும் சுருங்கி மேல் இடது மூலைக்குள் போய்விடுகிறது.

இன்னும் இரண்டு விஷயம். வெள்ளை இழைக்கு லைன்விட்த் 1 வைத்தேன். என் போனில் கத்தி மாதிரி இருக்கிறது, கடைக் கொம்பியூட்டரில் மங்கலாகத் தெரிகிறது. அப்புறம் கரைக்குப் பொன்னிறம் கொடுத்து ஃபில்ரெக்ட் போட்டேன், கரையே தெரியவில்லை. எரர் எதுவும் வரவில்லை.

ஓடாவி (கல்லடி)

தம்பி, ஒவ்வொரு நிறத்துக்கும் முன்னால் சேவ் (அப்போதைய அமைப்பை எடுத்து வைப்பது), பின்னால் ரிஸ்டோர் (அதைத் திரும்பக் கொண்டுவருவது) போட்டுப் பாருங்கள். ஸ்டைல் ஒன்றோடொன்று கலக்காது. மங்கலாக இருக்கிற வெள்ளைக் கோட்டுக்கு லைன்விட்த் 0.5 வைத்தால் கூர்மையாகும்.

தறிக்காரன் மகன் (மருதமுனை)

நன்றி அண்ணன். சேவ், ரிஸ்டோர் போட்டேன், மஞ்சள் இழை அப்படியே இருக்கிறது. 0.5 வைத்ததும் வெள்ளைக் கோடு இன்னும் மங்கி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ஐசிடி டீச்சர் (அக்கரைப்பற்று)

வஅலைக்கும் ஸலாம் தம்பி. நீங்கள் சொன்ன விவரமே போதும், கோட் தேவையில்லை. போனைத் திருப்பியதைச் சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் மஞ்சள் இழை. மூவ்டூ, லைன்டூ இரண்டும் திரையில் எதையும் கீறுவதில்லை. அவை 'பாத்' என்ற ஒன்றில் போய்ச் சேருகின்றன, அவ்வளவுதான். ஸ்ட்ரோக் என்று சொல்லும் நேரத்தில்தான் கேன்வாஸ் ஸ்ட்ரோக்ஸ்டைலையும் லைன்விட்த்தையும் எடுத்துப் பார்க்கும். பார்த்துவிட்டு அதுவரை பாத்தில் சேர்ந்த எல்லாக் கோட்டையும் அதே நிறத்தில், அதே தடிப்பில் கீறும். வாப்பாவிடம் சொல்வதென்றால், ஸ்ட்ரோக் என்பது சாயத் தொட்டி, கையில் இருக்கிற நூல் முழுவதும் அதில் முங்கும். நேற்றைய நூலைக் கீழே வைக்காமல் இன்றைய நூலையும் சேர்த்துப் பிடித்திருந்தால் இரண்டிலும் இன்றைய சாயம்தான் ஏறும்.

உங்கள் இரண்டாவது ஸ்ட்ரோக் நடக்கும்போது சிவப்புக் கோடுகளும் பாத்தில் இருக்கின்றன. அவற்றின் மேலேயே மஞ்சளில் 2 பிக்சல் தடிப்பில் இன்னொரு முறை கீறுகிறது. கீழே 6 பிக்சல் சிவப்பு இருப்பதால் இரண்டு பக்கமும் 2 பிக்சல் சிவப்பு, நடுவில் மஞ்சள் என்று தெரிகிறது. தடிப்பு இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் எல்லாமே மஞ்சளாகிச் சிவப்பே போயிருக்கும்.

ஸ்ட்ரோக் போட்டதும் பாத் காலியாகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். காலியாகாது. அதைக் காலியாக்குவது பிகின்பாத். ஒவ்வொரு நிறத்தின் லூப்புக்கும் முன்னால் ஒரு பிகின்பாத் போடுங்கள். ஸ்லைடரில் வரும் பேய்க் கோடுகளுக்கும் இதுதான் காரணம். மரூன் பூசினால் பிக்சல்கள் மறையும், பாத் மறையாது. ஃபில்ரெக்ட், ஸ்ட்ரோக்ரெக்ட் இரண்டும் பாத்தைத் தொடுவதே இல்லை. இப்படியே விட்டால் ஸ்லைடரை அசைக்க அசைக்கப் பாத் நீண்டு பக்கமே இழுபடத் தொடங்கும்.

சேவ், ரிஸ்டோர் ஏன் உதவவில்லை என்றால், அவை நிறம், தடிப்பு, டேஷ் (புள்ளிக்கோட்டு அமைப்பு), ஸ்கேல் (எத்தனை மடங்கு பெரிதாகக் கீறுவது), கிளிப் (கீறும் எல்லை) போன்றவற்றைத்தான் எடுத்து வைக்கும். பாத் அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, போனைத் திருப்பும்போது என்ன நடக்கிறது? ரிசைஸ் ஆனதும் கேன்வாஸின் விட்த், ஹைட் இரண்டையும் மாற்றும் வரி ஒன்று இருக்குமே. அதற்கு மதிப்புக் கொடுத்தாலே, பழைய அதே எண்ணைக் கொடுத்தாலும்கூட, எல்லாமே ஆரம்ப நிலைக்குப் போய்விடும். படம் அழியும், பாத் காலியாகும், லைன்விட்த் 1, நிறம் கறுப்பு, ஸ்கேலும் போய்விடும். பாத் போனதால்தான் பேய்க் கோடுகள் மறைந்தன. நீங்கள் பக்கம் திறக்கும்போது ஒருதரம் ஸ்கேல் 2 வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதுவும் போனதால் டிசைன் பாதி அளவாகி மூலைக்குப் போனது. சரிதானா?

தறிக்காரன் மகன் (மருதமுனை)

டீச்சர், அப்படியேதான்! போனின் டிவைஸ்பிக்சல்ரேஷியோ (பக்கத்தின் ஒரு பிக்சல் அகலத்துக்குத் திரையில் எத்தனை பிக்சல் என்ற எண்) 2, அதை எடுத்து மேலேயே ஒருதரம் ஸ்கேல் கொடுத்திருந்தேன். இப்போது அளவை மாற்றும் ஃபங்ஷனுக்குள் விட்த், ஹைட் வரிகளுக்குப் பிறகு வைத்தேன், நிற்கிறது. பிகின்பாத் போட்டதும் சிவப்பு சிவப்பாகவே வந்துவிட்டது. வெள்ளைக் கோடு மட்டும் பாக்கி.

ஐசிடி டீச்சர் (அக்கரைப்பற்று)

தடிப்பு கோட்டின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகத்தான் பிரியும். எக்ஸ் 10 இல் 1 தடிப்புக் கோடு என்றால் 9.5 இலிருந்து 10.5 வரை. ஆனால் பிக்சல்கள் 9 முதல் 10 வரை ஒன்று, 10 முதல் 11 வரை ஒன்று. இரண்டிலும் பாதி நனைகிறது. பாதி பிக்சலை வெள்ளையாக்க முடியாது, அதனால் இரண்டு பிக்சல்களுக்கும் பாதி வெள்ளை, பாதி மரூன். கடைக் கொம்பியூட்டரில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து நிறத்தைத் தொட்டுப் பாருங்கள், 192, 128, 128 பக்கமாக மங்கிய ரோஸ் ஒன்று காட்டும்.

உங்கள் போனில் ஸ்கேல் 2 என்பதால் அதே கோடு 19 இலிருந்து 21 வரை போகிறது. சரியாக இரண்டு பிக்சல், ஓரம் பிசகவில்லை. ரேஷியோ 3 உள்ள போனில் மறுபடியும் மங்கும், கடைக்காரரிடம் அப்படி ஒன்று இருந்தால் அங்கேயும் குழப்பம் வரும்.

ஓடாவி அண்ணன் சொன்ன 0.5 இல் ஒவ்வொரு பிக்சலிலும் கால்வாசிதான் விழும். அதுதான் மறைந்தே போனது.

பொதுவாக எக்ஸ் 10.5 என்று அரைப் பிக்சல் தள்ளி வைக்கச் சொல்வார்கள். 1 தடிப்புக்கு அது சரி, 2 தடிப்புக்கு அதுவே மங்கலாக்கும். உங்கள் வேலைக்கு நான் கோடே வேண்டாம் என்பேன். நெடுக்கு இழை என்பது ஒல்லியான செவ்வகம்தானே? ஃபில்ரெக்ட்டில் எக்ஸ் 10, அகலம் 1, உயரம் துணியின் உயரம். 10 இலிருந்து 11 வரை முழுப் பிக்சல் நிரம்பும். பாத்தும் இல்லை, பிகின்பாத் மறக்கிற பிரச்சினையும் இல்லை.

நெல்மணி (சம்மாந்துறை)

கரை தெரியாததற்கு நிற எண்ணைப் பாருங்கள். எத்தனை இலக்கம் எழுதியிருக்கிறீர்கள்?

தறிக்காரன் மகன் (மருதமுனை)

#99651

நெல்மணி (சம்மாந்துறை)

ஒரு 5 குறைகிறது, #996515 ஆக இருக்கவேண்டும். 3, 4, 6, 8 இலக்கம்தான் செல்லும். விளங்காத நிறம் கொடுத்தால் கேன்வாஸ் சத்தமே போடாது, முன்னால் இருந்த நிறத்தையே வைத்துக்கொள்ளும். முன்னால் இருந்தது மரூன். மரூன் மேல் மரூன் கரை, எப்படித் தெரியும்?

லைன்விட்த்தும் இதே குணம்தான். 0, மைனஸ் எண், இல்லாவிட்டால் சிஎஸ்எஸ்ஸில் எழுதுகிற பழக்கத்தில் 6 க்குப் பின்னால் பிஎக்ஸ் ஒட்டி எழுதியது எல்லாவற்றையும் பேசாமல் தள்ளிவிடும். சந்தேகம் வந்தால் மதிப்புக் கொடுத்த அடுத்த வரியிலேயே அதை கன்சோலில் எழுதிப் பாருங்கள். முன்னால் இருந்த பழைய மதிப்பே திரும்ப வந்தால் உங்கள் மதிப்பை எடுக்கவில்லை என்று விளங்கும். எரர் வரும் வரும் என்று காத்திருந்தால் விடிந்துவிடும்.

ஏறாவூர் நாநா

தம்பி, நீங்கள் கேட்காத ஒன்று. கோடு எல்லாம் சரியாக வந்தாலும் இது துணி மாதிரி இருக்காது. சிவப்புப் பாவும் (நெடுக்கு இழை) பச்சை ஊடையும் (குறுக்கு இழை) சந்திக்கிற கட்டத்தில் கடைசியாகக் கீறின நிறம் மட்டும் மேலே நிற்கும். தறியில் அப்படியா? சாதா நெசவில் ஒரு இழை மேலே, அடுத்தது கீழே. அந்தக் கட்டத்தில் பாதி சிவப்பு, பாதி பச்சை, தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் கலந்த ஒரு தவிட்டு நிறம். கடைக்காரர் அந்தக் கலப்பைத்தான் பார்ப்பார்.

குளோபல்ஆல்ஃபா (பூச்சின் அடர்த்தி) 0.5 வைத்து ஒன்றின் மேல் ஒன்று பூசலாம், தூரத்துப் பார்வைக்குப் பரவாயில்லை. பெரிதாக்கினால் கண்ணாடித்தாள் ஒட்டியது போல் இழையே இல்லாமல் இருக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை.

நல்ல வழி கிரியேட்பேட்டர்ன், சின்னப் படம் ஒன்றைத் திரும்பத் திரும்ப அடுக்கி நிரப்புவது. 2 க்கு 2 பிக்சலில் இன்னொரு சின்னக் கேன்வாஸ் எடுங்கள். மேல் இடது, கீழ் வலது இரண்டையும் பாவின் நிறத்தில் நிரப்புங்கள், மற்ற இரண்டையும் வெறுமையாக விடுங்கள். அதைப் பேட்டர்ன் ஆக்கி ஃபில்ஸ்டைலுக்குக் கொடுக்கலாம், நிறத்துக்கு ஒன்று வீதம். பிறகு பெரிய கேன்வாஸில் ஊடைப் பட்டைகள் முழுவதையும் சாதாரண நிறத்தில் நிரப்பி, அதன் மேல் பாவுப் பட்டைகளை இந்தப் பேட்டர்னால் நிரப்புங்கள். மரூன் பாவையும் விடாமல் சேர்க்கவேண்டும். ஓட்டைகள் வழியாகக் கீழே உள்ள ஊடை தெரியும்.

பேட்டர்ன் செவ்வகத்தின் மூலையிலிருந்து தொடங்குவதில்லை, கேன்வாஸின் 0, 0 இலிருந்துதான் எண்ணும். வேறு வேலைகளில் இது தலைவலி. இங்கே அதுவே வசதி, எந்தப் பட்டை எங்கே தொடங்கினாலும் மேல் கீழ் ஒழுங்கு பிசகாது. ஆனால் பட்டைக்குப் பட்டை டிரான்ஸ்லேட் பண்ணி (0, 0 புள்ளியை நகர்த்தி) நிரப்பினால் பேட்டர்னும் கூடவே நகரும், அதைச் செய்யாதீர்கள். ஸ்கேல் 2 இருப்பதால் இமேஜ்ஸ்மூதிங்எனேபிள்ட் என்பதை ஃபோல்ஸ் ஆக்குங்கள், இல்லாவிட்டால் சின்னக் கட்டங்கள் கரைந்து குழம்பாகும். கேன்வாஸ் அளவு மாறும்போது அதுவும் ட்ரூவுக்குப் போய்விடும், டீச்சர் சொன்ன இடத்திலேயே இதையும் வையுங்கள்.

தறிக்காரன் மகன் (மருதமுனை)

நாநா, செய்துவிட்டேன். சிவப்பும் பச்சையும் சந்திக்கிற கட்டத்தைப் பார்த்துவிட்டு வாப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பெரிதாக்கச் சொன்னார். ஒன்றுவிட்டு ஒன்று சரியாக இருக்கிறதாம். பச்சை கூடிப்போயிற்று, ஊடையில் குறைக்கவேண்டுமாம்!

ஒரே ஒரு கேள்வி. வெட்டுகிற இடத்தைக் காட்ட அடியில் புள்ளிக்கோடு ஒன்று கீறுகிறேன், செட்லைன்டேஷ் 4, 4 (துண்டு 4, இடைவெளி 4). லைன்கேப் (முனையின் வடிவம்) ரவுண்ட். இடைவெளியே இல்லாமல் புள்ளிகள் ஒட்டிப்போய் நிற்கின்றன. ஸ்லைடரை அசைத்ததும் சட்டகக் கோடும் புள்ளிக்கோடாகிறது.

ஓடாவி (கல்லடி)

இதை நான் சொல்கிறேன். ரவுண்ட் கேப் ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் தடிப்பில் பாதியைக் கூட்டும். உங்கள் தடிப்பு 4 ஆக இருந்தால் முனைக்கு 2 வீதம் நீண்டு 4 இடைவெளியும் அடைபட்டுவிடும். கேப்பை பட் (நீளாத தட்டை முனை) ஆக்குங்கள், ரவுண்ட்தான் வேண்டுமென்றால் இடைவெளியை 8 ஆக்குங்கள். கீறி முடிந்ததும் செட்லைன்டேஷுக்கு வெற்றுப் பட்டியல் ஒன்று கொடுத்தால் சட்டகம் பழையபடி முழுக்கோடாக வரும். இந்த இடத்தில் சேவ், ரிஸ்டோரும் வேலை செய்யும் தம்பி, டேஷ் அதில் சேர்த்திதான்.