கிடைமட்ட எரிவாயுக் கிணறு: டெரிவேட்டிவ் மட்டமாகவே மாட்டேன் என்கிறது

வணக்கம் நண்பர்களே. கோலாலம்பூர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, சரவாக் கடலில் இருக்கும் ஒரு கிடைமட்ட எரிவாயுக் கிணற்றின் பில்டப் சோதனையோடு (கிணற்றை மூடி, அழுத்தம் ஏறுவதை அளக்கும் சோதனை) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ரேடியல் ஃப்ளோ, அதாவது வாயு எல்லாப் பக்கத்திலிருந்தும் கிணற்றை நோக்கி வரும் கட்டம், கண்ணில் படவே இல்லை; அது வந்திருந்தால் டெரிவேட்டிவ் (நேரத்தின் லாகரிதத்தோடு அழுத்தம் மாறும் வீதம்) மட்டமாகியிருக்கும். அதனால் பெர்மியபிலிட்டியை (பாறை வாயுவை எவ்வளவு எளிதாக ஓடவிடும் என்பதை) உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மணற்கல், தடிமன் சுமார் 30 மீட்டர், கிடைப்பகுதி 800 மீட்டர். மூன்று வேறு ஓட்ட அளவுகளில் ஓடவிட்டு, அப்புறம் 72 மணி நேரம் மூடினார்கள். அழுத்தம் அளக்கும் கேஜ் இருப்பது மேலே செங்குத்துப் பகுதியில். லாக்-லாக் வரைபடத்தில் முதல் ஒரு மணி நேரம் டெரிவேட்டிவ் திமில் போல எழும்பி இறங்குகிறது; கண்டன்சேட் (வாயுவிலிருந்து பிரியும் திரவம்) குழாய்க்குள் திரும்ப விழுகிறதோ என்று சந்தேகம். கிடைப்பகுதியைச் சுற்றி முதலில் வரும் ஆரம்ப ரேடியல் அதிலேயே மூழ்கிவிட்டது. ஆறாவது மணியிலிருந்து கடைசிவரை அரைச் சரிவுதான், அதாவது லீனியர் ஃப்ளோ (வாயு இணைகோடுகளாக வருவது).

அழுத்தத்துக்குப் பதில், வாயுவின் தன்மை அழுத்தத்தோடு மாறுவதைக் கணக்கில் எடுக்கும் சூடோ பிரஷர் போட்டாயிற்று. ஓட்ட அளவோடு மாறும் ஸ்கின்னையும் (கிணற்றை ஒட்டிய கூடுதல் அழுத்த இழப்பு) பிரித்தாயிற்று. சஃபிர் என்ற கிணற்றுச் சோதனை மென்பொருளில் 800 மீட்டரும் வேலை செய்கிறது என்றாலும் பொருந்துகிறது. 400 மீட்டர்தான், பெர்மியபிலிட்டி நான்கு மடங்கு என்றாலும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. லீனியர் ஃப்ளோ நீளத்தையும் பெர்மியபிலிட்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கித்தானே காட்டும், வேறு என்ன எதிர்பார்ப்பது! கால்வாய் மணல் என்று இரண்டு இணை எல்லைகள் போட்டாலும் அதே கதை. கோர் (பாறை மாதிரி) எதுவும் எடுக்கவில்லை.

இன்னும் நீண்ட நேரம் மூடச் சொன்னால் உற்பத்திப் பிரிவு விடாது. பழைய மூடல்களின் அழுத்தத் தரவு மட்டும் கையில் இருக்கிறது. அவற்றையும் சேர்த்து டீகன்வல்யூஷன் (மாறும் ஓட்டத்தின் தரவை ஒரே சீரான நீண்ட சோதனை போல மாற்றும் கணக்கு) செய்தால், லீனியருக்குப் பின் வரவேண்டிய கடைசி ரேடியல் வெளிப்படும் என்று நம்பி இறங்கலாமா?