பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான் பக்கம் பாட் டாக்சி விட்டால் தாங்குமா?

செக்காலைக்காரன்:
கல்யாண சீசன் வந்தால் போதும், நம்ம காரைக்குடி பக்கம் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வெளியூர் கார்கள் வீதியை அடைத்துக்கொள்கின்றன. இந்தப் பக்கம் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, அந்தப் பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள், பெரிய வீடுகள். எதுவும் அவ்வளவு தூரமில்லை, ஆனாலும் கார் இல்லாமல் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிப்பது கஷ்டம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 2011 முதல் பாட் டாக்சி என்று தனித் தடத்தில் டிரைவர் இல்லாத குட்டி வண்டி ஓடுகிறதே, நாலு பேர் ஏறி, போகிற இடத்தைத் தொட்டால் நடுவில் எங்கும் நிற்காமல் கொண்டுபோய் விடுமே, அதை காரைக்குடி ஜங்ஷனை மையமாக வைத்து நாலா பக்கமும் போட்டால் என்ன? காசு எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், அது எனக்கும் தெரியும். கூட்டத்தைத் தாங்குமா என்பதுதான் என் கேள்வி.

கழனிவாசல்:
தம்பி, வண்டி ஓடுமா என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் மார்கன்டவுன் என்ற சின்ன ஊரில் 1975-லிருந்து ஓடுகிறது. இதன் சூட்சுமம் ஸ்டேஷனில் இருக்கிறது. ஸ்டேஷன் மெயின் தடத்தில் இருக்காது, பக்கவாட்டில் பிரிந்து போகும் கிளையில் இருக்கும், அதனால் ஒரு வண்டியில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் வருவது நிற்காமல் தாண்டிப் போய்விடும்.

கூட்டத்துக்கு வருவோம். முன்னால் போகிற வண்டி சுவரில் மோதிய மாதிரி சட்டென்று நின்றால்கூட பின்னால் வருவது முட்டக்கூடாது, அந்தக் கணக்கில்தான் இடைவெளி விடுவார்கள். ஹீத்ரோ வண்டியின் வேகம் 40 கி.மீ., அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 3 விநாடி இடைவெளி வேண்டும். அப்படியானால் மணிக்கு 1,200 வண்டி, எல்லாமே நிறைந்து போனால் 4,800 பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு 13 கி.மீ. என்று வையுங்கள், போக 20 நிமிஷம், திரும்ப 20 நிமிஷம். 3 விநாடிக்கு ஒன்று விடாமல் அனுப்ப 800 வண்டி கையில் இருக்க வேண்டும். ஹீத்ரோவில் மொத்தமே 21 வண்டிதான், தடம் 3.8 கி.மீ. ஏறி இறங்க அரை நிமிஷம்தான் என்றாலும் கோயில் வாசலில் ஒரே சமயத்தில் 10 வண்டி நிற்க இடம் வேண்டும். காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போகிறவர்கள்தானே, திரும்பி வருகிற வண்டி காலியாக வரும். விநாயகர் சதுர்த்திக்கும் ஜனவரி 1-க்கும் இவ்வளவும் வாங்கிப் போட்டுவிட்டு மற்ற நாளில் எங்கே நிறுத்துவீர்கள்?

பள்ளத்தூர் ஆச்சி:
கழனிவாசல் அண்ணன் கணக்கு சரி. அதைவிட எனக்குத் தடம்தான் உறுத்துகிறது. உயரத்தில் போட்டால் தூண் நட வேண்டும். கானாடுகாத்தானுக்கு ஆட்கள் வருவதே அந்த நேர் வீதியையும் வீட்டு முகப்பையும் பார்க்கத்தான், அதை மறைத்துத் தூண் நட்டு அதன் மேலே அவர்களையே ஏற்றிக் கொண்டுவருவீர்களா? தரையில் போடலாம் என்றால் நம் வீடுகளின் அமைப்பு கொஞ்சம் தோதாக இருக்கிறது, முகப்பு ஒரு வீதியில், பின்கட்டு வாசல் அடுத்த வீதியில். பின்வீதியில் போக்குவரத்து குறைவு. ஆனால் ஆளில்லா வண்டி போகிற தடத்துக்கு இரண்டு பக்கமும் வேலி போட வேண்டுமே, அப்புறம் பின்வாசலைத் திறந்து யாரும் வெளியே கால் வைக்க முடியாது. மாட்டை எங்கே ஓட்டுவது?

இன்னொன்று. பெரிய வீட்டில் தனியாக இருக்கிற வயசானவர்களுக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு வண்டி. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அதை விட்டுவிட்டு இந்தக் குட்டி வண்டிக்கு யார் காசு கொடுப்பார்கள்? சுற்றுலாக்காரர் மட்டும்தான்.

ரயிலடி:
எல்லோரும் பிள்ளையார்பட்டியையே பிடித்துக்கொண்டீர்கள். மார்கன்டவுன் ஏன் நிலைத்தது என்று பாருங்கள். அது பல்கலைக்கழக ஊர், வளாகம் இரண்டு மூன்று இடமாகப் பிரிந்து கிடக்கிறது, மொத்தம் 5 ஸ்டேஷன், வண்டிக்குச் சுமார் 20 பேர். மாணவர்கள் நாள் முழுக்க இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருப்பார்கள், காலி வண்டிப் பிரச்சினை குறைவு. (அங்கே பனி உறையாமல் இருக்கத் தடத்தையே சூடாக்குகிறார்கள், நமக்கு அந்தச் செலவு மிச்சம், வேண்டுமானால் தண்ணீர் தெளிக்கலாம்.) நம்மிடம் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிறது, ஜங்ஷன் இருக்கிறது. இதற்குள் ஒரு சுற்று போட்டுப் பார்க்கலாம். பேட்டரியும் சிக்ரியில் ஆராய்ச்சி செய்கிற விஷயம்தான், ஹீத்ரோ வண்டியும் பேட்டரியில்தான் ஓடுகிறது.

அதே சமயம் மற்ற இடங்களில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மார்கன்டவுனிலேயே செலவு போட்ட திட்டத்தைவிடப் பல மடங்கு ஏறிப்போனது. அபுதாபி மஸ்தாரில் நகரம் முழுக்கப் போடப் போவதாகச் சொல்லி 2010-ல் தொடங்கினார்கள், பயணிகளுக்கு இரண்டு ஸ்டேஷனோடு நின்றது. அமிர்தசரஸில் ரயில் நிலையத்திலிருந்து பொற்கோயிலுக்கு இதே மாதிரி பேசினார்கள். நம்ம பிள்ளையார்பட்டி கதைதான், கட்டவே இல்லை.

செக்காலைக்காரன்:
அண்ணே, 800 வண்டி என்றதும் தலை சுற்றிவிட்டது. சரி, கோயில் வழியை விடுகிறேன். ஜங்ஷன், பல்கலைக்கழகம் சுற்று மட்டும் என்றால் தடம் இல்லாமல், ரோட்டிலேயே தானாக ஓடுகிற வேன் விடலாமா? வேலி, தூண் தொல்லை இருக்காதே.

கழனிவாசல்:
தனித் தடம் இருப்பதால்தான் இந்த வண்டிகள் இவ்வளவு வருஷமாகத் தைரியமாக ஓடுகின்றன, குறுக்கே எதுவும் வராது. செக்காலை ரோட்டில் ஷேர் ஆட்டோ எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது, உங்கள் வேன் நடுரோட்டில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும். வளாகத்துக்குள் மட்டும் என்றால் சரி, அங்கே விட்டுப் பார்க்கலாம். ஜங்ஷன் வரைக்கும் கொண்டுவர டிரைவரோடு ஒரு மின்சார மினி பஸ், 10 நிமிஷத்துக்கு ஒன்று விடச் சொல்லுங்கள். கானாடுகாத்தானுக்கு ஊர் எல்லையில் கார் நிறுத்த இடம் ஒதுக்கி, அங்கிருந்து பேட்டரி வண்டி விட்டால் ஆச்சியின் வீதியும் தப்பிக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:
அந்த வண்டியை பள்ளத்தூர் வரைக்கும் விடச் சொல்லுங்கள்.